ஒரு தீவு போதும்

நண்பர்கள் சேர்ந்து கோவா போகத் திட்டம் போட்டே காலத்தைக் கழிக்கும் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி எத்தனையோ நகைச்சுவைகள் வந்துவிட்டன. இப்போது அந்தக் குழுக்களில் கோவா இருந்த இடத்தில் சாண்டோரினி என்ற கிரேக்கத் தீவு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏதென்சுக்கு நேரடி விமானம் விடப்போவதாக இண்டிகோவும் கிரேக்கத்தின் ஏஜியன் நிறுவனமும் 2025-இல் அறிவித்த பிறகு பேச்சு இன்னும் சூடு பிடித்திருக்கிறது. குழுவில் சுறுசுறுப்பான ஒருவர் எக்செல் தாளில் அட்டவணை போட்டு அனுப்புகிறார். ஏதென்ஸ் ஓர் இரவு, மிகோனோஸ் இரண்டு, பாரோஸ் ஒன்று, சாண்டோரினி இரண்டு, திரும்பவும் ஏதென்ஸ். ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திவிடுகிறார்கள்.

அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கிரேக்கத் தீவுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நண்பர்களோடு போவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால், ஒரே ஒரு தீவுக்குப் போய் அங்கேயே ஒரு வாரமாவது இருங்கள். ஜூலையையும் ஆகஸ்டையும் விட்டுவிடுங்கள். இப்படிச் சொல்வதில் பாதி அக்கறை உங்கள் மீது, மீதி அந்தத் தீவுக்காரர்கள் மீது.

முதலில் சாண்டோரினியின் கணக்கைப் பார்ப்போம். தீவின் பரப்பு 76 சதுர கிலோமீட்டர்தான். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 15 ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆண்டுக்கு வந்துபோகிறவர்கள் ஏறத்தாழ 34 லட்சம். அதாவது, குடியிருப்பவர் ஒருவருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட விருந்தாளிகள். அவர்களும் ஆண்டு முழுக்கப் பரவலாக வருவதில்லை. கோடைக்குள் வந்து குவிகிறார்கள். சொகுசுக் கப்பல்கள் ஒரே நாளில் 17 ஆயிரம் பேரை இறக்கிய நாட்களும் உண்டு. 2024 ஜூலையில், கப்பல் கூட்டம் வரவிருந்த ஒரு நாளில், உள்ளூர்க்காரர்கள் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற தொனியில் ஒரு பதிவு முகநூலில் வெளியாகி, ஊரே கொதித்தது. சொந்த ஊரில், சொந்தத் தெருவில் நடக்க விருந்தாளிகள் கலையும்வரை காத்திருக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

கப்பலில் வருகிறவர்களால் ஊருக்கு வரும்படியும் அதிகமில்லை. காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் கப்பலிலேயே முடிந்துவிடுகின்றன, படுக்கையும் அங்கேதான். பழைய துறைமுகத்திலிருந்து ஃபிரா ஊருக்கு மேலேறக் கேபிள் கார் வரிசையில் வெகுநேரம் நிற்கிறார்கள். இல்லாவிட்டால் கழுதைமேல் ஏறுகிறார்கள். நூறு கிலோவுக்கு மேல் கழுதைகள் மீது பாரம் ஏற்றக் கூடாது என்று 2018-இல் அரசு விதி போடும் அளவுக்கு அந்தப் பிராணிகள் பாடுபட்டிருக்கின்றன. மேலே ஒரு ஐஸ்கிரீம், நீலக் கூரைத் தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், ஓயா கிராமத்தில் சூரியன் மறைவதைப் பார்க்க முண்டியடிப்பு, பிறகு இறக்கம். குப்பையும் நெரிசலும் ஊருக்கு, லாபத்தில் பெரும்பங்கு கப்பல் கம்பெனிக்கு.

அரசு சும்மா இருக்கவில்லை. 2025 ஜூலை முதல் சாண்டோரினி, மிகோனோஸ் துறைமுகங்களில் இறங்கும் கப்பல் பயணி ஒவ்வொருவரும் உச்சப் பருவத்தில் 20 யூரோ கட்ட வேண்டும்; நம் பணத்தில் சுமார் 2,000 ரூபாய். அறைகளுக்கும் பருவநிலைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. கோடை மாதங்களில் ஐந்து நட்சத்திர விடுதி அறைக்கு இரவொன்றுக்கு 15 யூரோ, சாதாரண விடுதிக்கு 2 யூரோ. இந்தக் கட்டணங்களால் கஜானா நிறையும்; ஆனால், கூட்டம் குறையும் என்று நான் நம்பவில்லை. லட்சக்கணக்கில் செலவழித்துக் கப்பலேறியவர் 2,000 ரூபாய்க்காக இறங்காமல் இருந்துவிடுவாரா? எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதுதான் வேலைக்காகும். கப்பல் பயணிகள் நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேல் கூடாது என்று சாண்டோரினியில் அந்த வேலையும் தொடங்கியிருக்கிறது. ஆனால், அந்த 8,000-மே தீவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாண்டோரினியை விட்டுவிட்டு, நண்பர்களோடு நான் தங்கிய நாக்சோஸ் தீவுக்கு வருகிறேன். சைக்ளேட்ஸ் தீவுக் கூட்டத்தில் பெரியது அதுதான். சுமார் 430 சதுர கிலோமீட்டர். அங்கே விவசாயம் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உருளைக்கிழங்கும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் நாக்சோஸின் பெருமை. எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் ஆலிவ் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு மேசைக்கு வந்துவிடும். உறைந்த பாக்கெட்டிலிருந்து வருவதல்ல, பக்கத்து வயலில் விளைந்தது.

அந்த வயலுக்கு 2024-இல் என்ன நடந்தது? மழைக்காலத்தில் மழை பொய்த்தது. தீவின் பெரிய நீர்த்தேக்கமான எங்காரெஸ் வறண்டு பாசனத்துக்கு உதவாமல் போனது. விவசாயிகள் கிணற்று நீரை இறைக்க இறைக்க, நிலத்தடியில் கடல்நீர் உள்ளே புகுந்தது. கடலோர ஊர்களில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் உருளைக்கிழங்கு எப்படி விளையும்? விளைச்சல் பெரிதும் விழுந்தது. வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தண்ணீர் கொடுக்க, கடல்நீரைக் குடிநீராக்கும் நடமாடும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். ஆக, விடுதியில் ஷவர் ஓடியது, வயல் காய்ந்தது. தண்ணீர்த் தேவை உச்சத்துக்குப் போவதும் மழை ஒரு துளியும் பெய்யாததும் அங்கே ஒரே மாதங்களில்தான். சைக்ளேட்ஸில் கோடையில் மழை என்பதே கிட்டத்தட்ட கிடையாது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டி மழைநீரைச் சேமித்து, அதை வைத்தே ஆண்டை ஓட்டிய மக்கள் அவர்கள். அந்த மண்ணில் இன்று அறைக்கு ஒரு நீச்சல் குளம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நாலா பக்கமும் கடல் இருக்கும்போது குளம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. படத்துக்குத்தான்.

கடலும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. நடைமுறையில் மணல் முழுக்கச் சாய்வு இருக்கைகளையும் குடைகளையும் வரிசையாக நட்டு வாடகை வாங்கும் கடைகள். 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் பொறுமையிழந்து, தோளில் துண்டோடு கடற்கரையில் ஊர்வலம் போனார்கள். எங்கள் துண்டை விரிக்க எங்களுக்கு இடம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மற்றத் தீவுகளுக்கும் அது பரவியது. மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. கடற்கரையில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 70 விழுக்காடு. மீறும் கடைகளைப் பற்றி மக்கள் புகார் சொல்லச் செயலி, கண்காணிக்க ட்ரோன். துண்டை ஆயுதமாக்கி அரசைப் பணியவைத்த அந்தப் போராட்டத்துக்கு ஒரு வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே கிரேக்கர்கள் எங்கே விடுமுறைக்குப் போகிறார்கள்? நாட்டு மக்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல், வீட்டை விட்டு ஒரு வாரம் வெளியே தங்கி வர வசதியில்லாதவர்கள் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட். தங்கள் நாட்டுத் தீவு அவர்களுக்கே எட்டாக்கனி. தீவுப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். வீடுகளெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போய்விடுகின்றன. மருத்துவர் தங்க வீடில்லாத தீவில் பயணிக்கு நெஞ்சுவலி வந்தால் யார் பார்ப்பது என்பது சுற்றுலா வியாபாரிகளும் யோசிக்க வேண்டிய கேள்வி.

முடிந்த கிரேக்கர்கள் ஆகஸ்ட் நடுவில் எப்படியாவது சொந்தத் தீவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். டினோஸ் தீவில் துறைமுகத்திலிருந்து மேட்டின் மேலிருக்கும் மாதா கோயில்வரை பக்தர்கள் முழங்காலிட்டே ஏறுகிறார்கள். வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் நகர்ந்து போகிறவர்களைப் பார்த்த நமக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஊர் ஊராகத் திருவிழா, நீள மேசை, வயலின், விடியவிடிய ஆட்டம். அந்த ஒரு வாரம் கப்பலில் இடம் அவர்களுக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும். வெளியாட்கள் நாம் ஆகஸ்டைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சுற்றுலாவைத் திட்டுவது வந்துபோகிறவனுக்கு எளிது. 1956 ஜூலை 9-ஆம் தேதி பெரும் நிலநடுக்கம் வந்தபோது சாண்டோரினியில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடிழந்தவர்களில் ஏராளமானோர் ஏதென்சுக்குப் பிழைக்கப் போனார்கள், ஊர் காலியானது. பல தீவுகளின் இளைஞர்கள் மாலுமிகளாகவும் ஆஸ்திரேலியா, அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களாகவும் சிதறிய காலம் அது. மிச்சமிருந்த பாழ் வீடுகளுக்கு விலை வந்ததும் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் பிழைக்க முடிந்ததும் சுற்றுலாவால்தான். 2010-க்குப் பிறகு கடன் நெருக்கடியில் நாடே மூழ்கியபோது மூச்சு விட உதவியதும் அதுதான். 2025 பிப்ரவரியில் சாண்டோரினி மறுபடி நாள் கணக்கில் அதிர்ந்தது. 11 ஆயிரம் பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினார்கள். அப்போது தீவுக்காரர்களின் கவலைகளில் ஒன்று, கோடைக்கு முன்பதிவுகள் ரத்தாகிவிடுமோ என்பது. பயணிகள் வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை. ஆகவே, அவர்களுக்கு நாம் வேண்டும். அவசரப்படாமல் வந்து, கொஞ்ச நாள் தங்கி, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, பேருந்தில் போய்வருகிற நாம்.

அதற்குத்தான் ஒரே தீவு என்கிறேன். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நாக்சோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீவு மாறும் ஒவ்வொரு நாளும் அறையைக் காலி செய்து, துறைமுக வெயிலில் பெட்டிகளோடு காத்து, தாமதமாக வரும் கப்பலில் ஏறி, அடுத்த ஊரில் அறை திறக்கும்வரை தெருவில் நின்று கழிகிறது. அந்த எக்செல் அட்டவணையின் பாதி விடுமுறை துறைமுகங்களுக்குப் போய்விடும். இதில் மெல்தேமி வேறு இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்று அது. வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு மேகம் இருக்காது, காற்று மட்டும் மேசைமேல் இருக்கும் தட்டைத் தூக்கும். வேகம் கூடினால் முதலில் அதிவேகக் கப்பல்கள் நிற்கும். இன்னும் கூடினால் கடலோரக் காவல்படை பெரிய கப்பல்களையும் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுவிடும். மூன்று தீவுத் திட்டத்தில் ஒரு கப்பல் நின்றால் அதற்குப் பின்னாலுள்ள எல்லா முன்பதிவும் சரியும். ஒரே தீவில் இருப்பவர்களுக்குக் காற்று ஒரு வேடிக்கை. தெற்குப் பக்கக் கடற்கரைக்கு மாறிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நாக்சோஸில் ஒரு வாரம் என்ன செய்வது என்று அட்டவணைக்காரர் கேட்பார். ஊருக்குள் கப்பல் நுழையும்போதே போர்த்தாரா கண்ணில் படும். கிறிஸ்து பிறப்பதற்கு 500 ஆண்டுகளுக்கும் முன் அப்போலோவுக்குக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல். கோயில் இல்லை, வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. தீவின் வடமுனையில் அப்போலோனாஸ் கிராமத்துக்கு மேலே, குவாரியிலேயே படுத்துக் கிடக்கிறது 10 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு கற்சிலை. பாதி செதுக்கியதோடு யாரோ உளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் 2,500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வேலி, டிக்கெட், வரிசை எதுவும் பெரிதாக இல்லை. நண்பர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் நிறுத்தியிருப்பார்கள் என்று தர்க்கம் செய்யலாம். கல்லில் விரிசலா, கூலித் தகராறா, பணம் கொடுத்தவன் ஓடிவிட்டானா? எங்கள் குழுவில் கட்டடத் தொழிலில் இருக்கும் நண்பர் கூலித் தகராறு என்று அடித்துச் சொன்னார்.

மலைக்குள் போனால் அபெய்ராந்தோஸ். தெருவுக்கே பளிங்கு பதித்த கிராமம். அந்த வட்டாரத்து மலைகளில் சாணை பிடிக்கப் பயன்படும் எமரிக் கல்லை வெட்டி எடுத்துப் பிழைத்தார்கள். ஹால்கியில் சிட்ரான் மரத்தின் இலைகளிலிருந்து கிட்ரோன் என்ற மதுவை வடிக்கிறார்கள். ஸாஸ் மலை ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். சைக்ளேட்ஸில் அதைவிட உயரம் இல்லை. ஏற விரும்புகிறவர்கள் விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். 2024 ஜூனில் சிமி தீவில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி கடும் வெயிலில் தனியாக நடந்துபோய் இறந்தார். அதே மாதத்தில் கிரேக்கத்தில் வேறு சில பயணிகளும் அப்படி மாண்டார்கள். நாங்கள் சென்னை வெயிலையே பார்த்தவர்கள் என்று மார்தட்ட வேண்டாம். அங்கே மலையில் நிழலும் இல்லை, வழியில் தண்ணீர்ப் பந்தலும் இல்லை.

மேற்குக் கரையில் அயியோஸ் ப்ரோகோப்பியோஸ், அயியா அன்னா, ப்ளாக்கா என்று மணல் அடுத்தடுத்து நீள்கிறது. பேருந்து போகிறது. நால்சக்கர பைக்கை வாடகைக்கு எடுத்து மலைப்பாதையில் ஓட்டி எலும்பை முறித்துக்கொள்ளும் பயணிகள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. அவசியமானால் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தோடு சிறிய காரை எடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எல்லாக் குழுவிலும் ஒரு சைவர் இருப்பார், ஐரோப்பா என்றதும் ரொட்டியும் வாழைப்பழமும்தான் என்று ஊறுகாய்ப் பாட்டிலோடு கிளம்புவார். கிரேக்கத்தில் அவர் கவலைப்படத் தேவையில்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்கள் ஆண்டில் ஏராளம். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை விலக்கு. அதனால் ஆலிவ் எண்ணெயில் காய்கறி சமைக்கும் கலை அங்கே நன்றாக வளர்ந்திருக்கிறது. அரிசி அடைத்து வேகவைத்த தக்காளியும் குடைமிளகாயும், தக்காளியில் வெந்த பீன்ஸ், அடுப்பில் இரவெல்லாம் வேகும் கொண்டைக்கடலை, மசித்த பருப்பு. மசித்த பருப்பில் வெங்காயமும் எண்ணெயும் விட்டுக் கொடுத்தபோது எங்கள் சைவ நண்பர் முகத்தில் தெரிந்த வெளிச்சம் எந்த அஸ்தமனத்துக்கும் குறைந்ததல்ல. ஆளுக்கொரு தட்டு சொல்வது அங்கே வழக்கமில்லை. எல்லாம் மேசை நடுவே வரும், எல்லோரும் எடுப்பார்கள், பில் ஒன்றுதான். யார் என்ன சாப்பிட்டார் என்று செயலியில் பிரித்துக்கொண்டிருந்தால் உணவகக்காரர் பரிதாபமாகப் பார்ப்பார். பொதுப்பணம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மதியம் மூன்று மணிமுதல் ஐந்தரைவரை கோடையில் அமைதி நேரம். சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் காவல்துறையை அழைக்கலாம். தூங்குங்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். கழிப்பறைக் காகிதத்தைக் குழாயில் தள்ளாமல் கூடையில் போடுங்கள், அங்கே குழாய்கள் குறுகல்.

தங்கித் தூங்கி, சாப்பிட்டுப் பேசி, மறுநாளும் அதே கடைக்குப் போகிற விடுமுறையில்தான் நண்பர்கள் நண்பர்களாக இருக்க முடிகிறது. நாலாவது நாளில் கடைக்காரர் பெயர் கேட்கிறார், ஐந்தாவது நாளில் கேட்காமலே பழம் வெட்டி வைக்கிறார். கல்லூரி முடிந்து பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளை, கடன், ரத்த அழுத்தம் என்று ஆளுக்கொரு பாரத்தோடு கூடுகிறவர்களுக்கு மனம் திறக்க இரண்டு மூன்று நாள் தேவைப்படுகிறது. துறைமுக வரிசையில் அது நடக்காது. அட்டவணைப்படி ஓடியவர்களுக்கு மிஞ்சுவது படங்களும், யார் தாமதமாக எழுந்ததால் கப்பல் தவறியது என்ற சண்டையும்.

இவ்வளவு பணம் கொடுத்துப் போகிறோம், வாழ்க்கையில் ஒருமுறை, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. லீவு கிடைப்பதே பத்து நாள் என்ற நியாயமும் எனக்குப் புரிகிறது. கிரேக்கத்தில் மக்கள் வாழும் தீவுகளே 200-க்கு மேல். மூன்றைப் பார்த்தாலும் பார்க்காமல் விட்டவை இருநூறுக்குக் குறையாது. கோடைக் கூட்டத்தில் சாண்டோரினியைப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பது மேல் என்பது என் கட்சி. ஆசை தீராதவர்கள் ஏப்ரலில் போங்கள். எரிமலைச் சாம்பலுக்கடியில் மூன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் புதைந்திருந்து, 1967 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்ரோத்திரி நகரத்தை நெரிசலில்லாமல் நின்று பார்க்கலாம்.

அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடும் குழுக்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். கடல் ஜூனைவிட வெதுவெதுப்பாக இருக்கும், காற்று அடங்கியிருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும், கடைக்காரருக்கும் பேச நேரமிருக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. செப்டம்பர் பயணத்துக்கு மார்ச் மாதத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.